நிற்பவனுக்கு மட்டும் தைத்த வார்

ஒரு கருவியை மதிப்பிடும்போது அதன் தலையாய உறுப்பை மட்டும் ஆராய்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வது நம்மிடையே உள்ள வழக்கம். பைனாகுலர் என்றால் லென்சைப் பற்றிப் பேசுவோம். முப்பட்டகத்தைப் பற்றிப் பேசுவோம். உருப்பெருக்கம் எத்தனை மடங்கு, படம் ஓரம் வரை தெளிவாக உள்ளதா என்றெல்லாம் கேட்போம். அதைக் கழுத்தில் தொங்கவிடும் வாரைப் பற்றிக் கேட்பவர் அரிது. இக்கட்டுரை அந்த வாரைப் பற்றியது.

இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ 1854ஆம் ஆண்டில் தம் முப்பட்டக அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள சைஸ் தொழிலகம், எர்ன்ஸ்ட் அபே வகுத்த முப்பட்டகப் பைனாகுலரை 1894இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு கண்ணாடி வகைகள் திருந்தின. ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் மேற்பூச்சு வந்தது. நீர் புகாத உடல் வந்தது. வாரின் அமைப்பு மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றது. கண் வைக்கும் முனைக்கு அருகில் இரண்டு காதுகள். அவற்றை இணைத்து ஒரு வார். அந்த வாருக்குள் ஒரு தலை. பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் நாம் காண்பது இதுதான்.

இந்த வார் நிற்பவனுக்கும் நடப்பவனுக்கும் செய்யப்பட்டது. தவழ்பவனுக்கு இது உதவாது என்பதே நமது குற்றச்சாட்டு. ஆனால் பைனாகுலர் மிகவும் தேவைப்படும் தொழில்களுள் ஒன்று தவழ்ந்தே செய்யப்படுகின்றது. அதை முதலில் பார்ப்போம்.

மலைச்சரிவில் ஒரு பரீட்சை

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டதால், ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் நடைபெறும் மான் வேட்டையின் முறை நம் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். அங்கே சிவப்பு மான்கள் பெருந்தொகையாக உள்ளன. அவற்றை இரையாக்கும் ஓநாய் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு அழிந்துவிட்டது. மான்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் இளமரக் கன்றுகளை மேய்ந்து காட்டை வளரவிடாமல் செய்யும். ஆகவே அவற்றின் தொகையைக் கட்டுப்படுத்துவது அந்நாட்டில் சட்டத்துக்கு உட்பட்ட பணியாக நடைபெறுகின்றது. 1959ஆம் ஆண்டின் மான் சட்டம் இதற்கென ஓர் ஆணையத்தையே ஏற்படுத்தியது. 2010இல் அந்த ஆணையம் அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு இணைக்கப்பட்டது.

அந்த மலைகளில் மறைந்துகொள்ள மரம் இல்லை. ஹெதர் என்னும் குத்துச்செடி, கரிய சேறு, சிறு ஓடைகள், ஆங்காங்கே பாறை, அவ்வளவுதான். மானின் மோப்பம் கூர்மையானது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்து, அசைவை வெகு தொலைவிலேயே உணர்ந்துவிடும். எனவே வேட்டையாள் காற்றுக்கு எதிராக நெருங்குகிறான். மேடுகள் மறைக்கும் வரை நடக்கிறான். மேடு தாழ்ந்தவுடன் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்கிறான். அதுவும் போதாத இடத்தில் வயிறு தரையில் பட ஊர்கிறான். இறுதியில் ஏறத்தாழ 100 முதல் 150 மீட்டர் தொலைவில் ஒரு மேட்டின் பின்னே படுக்கிறான்.

அப்போதுதான் பைனாகுலரின் உண்மையான வேலை தொடங்குகின்றது. கூட்டத்தில் எந்த மான்? அது கிழமா, நோயுற்றதா? பெண் மானானால் அதை நம்பி நிற்கும் கன்று உண்டா? தாயை வீழ்த்திவிட்டு கன்றைத் தவறவிட்டால், அக்கன்று குளிர்காலத்தில் மெல்ல மெல்ல மடியும். குறி வைக்கும் மானுக்குப் பின்னால் வேறொரு மான் நிற்கிறதா? வேறு மனிதர் எவரேனும் இருக்கின்றனரா? இவை அனைத்துக்கும் விடை கண்ட பின்னரே துப்பாக்கியைத் திருப்ப வேண்டும்.

தவழும்போது தொல்லை கொடுத்த பைனாகுலரை வழியிலேயே ஒரு பாறையருகில் விட்டுவிட்டு வந்தவன் என்ன செய்வான்? கொண்டுவந்தும் அதன் லென்சு முழுவதும் சேறு அப்பியிருந்தால் என்ன செய்வான்? துப்பாக்கியின் மேல் பொருத்திய குறிநோக்கி வழியாகப் பார்ப்பான். குறிநோக்கி எந்தத் திசையில் பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் துப்பாக்கியின் வாயும் இருக்கும். இன்னதென்று தெரியாத ஒன்றின் மீது துப்பாக்கியை நீட்டித் தெரிந்துகொள்ள முயல்வது இத்தொழிலின் முதல் விதியையே மீறுவதாகும். ஆகவே வார் பற்றிய கேள்வியைச் சொகுசு பற்றிய கேள்வி என்று தள்ளிவிட முடியாது. ஓர் உயிர் வீணாக வதைபடாமல் இருப்பதும், சில வேளைகளில் ஒரு மனிதன் தப்புவதும் இதைச் சார்ந்துள்ளன.

எடையா, ஆட்டமா?

தவழ்வோர் வழக்கமாகச் சொல்லும் குறை, “கழுத்து வலிக்கிறது” என்பது. தயாரிப்பாளர்கள் இதற்கு அளிக்கும் மறுமொழி அகன்ற, மெத்தென்ற வார். இந்த மருந்து நோய்க்குப் பொருந்துமா என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

பைனாகுலரின் நிறை 750 கிராம் எனக் கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 7.4 நியூட்டன். 1 செ.மீ. அகல வார் கழுத்தில் 12 செ.மீ. நீளத்துக்குப் படிந்தால், ஒரு சதுர செ.மீட்டருக்கு 0.6 நியூட்டன் அழுத்தம். அகலத்தை 4 செ.மீ. ஆக்கினால் அழுத்தம் நான்கில் ஒன்றாகிவிடும். நிற்பவனுக்கு இது நல்ல உதவியே.

தவழ்பவனின் நிலை வேறு. அவனுடைய கழுத்து கிடைமட்டமாக நீண்டு, ஒரு முனை மட்டும் தாங்கப்பட்ட சட்டம் போல நிற்கின்றது. தலையின் நிறை சுமார் 4.5 கி.கி.; அதன் ஈர்ப்பு மையம் கழுத்தின் அடியிலிருந்து 15 செ.மீ. தள்ளி உள்ளது எனக் கொண்டால், தலை உண்டாக்கும் திருப்புத்திறன் 6.6 நியூட்டன்-மீட்டர். வார் கழுத்தின் அடியிலிருந்து 10 செ.மீ. முன்னே சரிந்து நின்றால், பைனாகுலர் உண்டாக்கும் திருப்புத்திறன் 0.74 நியூட்டன்-மீட்டர். அதாவது தலை தானே தரும் சுமையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. வாரை எவ்வளவு அகலமாக்கினாலும் அழுத்தம் குறையுமே தவிர, இந்தத் திருப்புத்திறன் சிறிதும் குறையாது. மேலும், கழுத்து வலியில் பெரும்பங்கு தலையை நிமிர்த்திப் பார்ப்பதாலேயே வருகின்றது என்பதும் இக்கணக்கிலிருந்து தெளிவாகின்றது.

ஆகவே எடை உண்மையான குற்றவாளியன்று. ஆட்டத்தைக் கவனிப்போம். தவழும்போது பைனாகுலர் கழுத்துக்குக் கீழே சுமார் 30 செ.மீ. தொங்குகின்றது. இது ஓர் ஊசல். தனி ஊசலின் வாய்பாட்டில் இந்நீளத்தை இட்டால் அலைவு நேரம் 1.1 வினாடி வருகின்றது. இடக்கை, வலக்கை என ஒரு முழுச் சுற்று தவழ்வதற்கும் ஏறத்தாழ இதே அளவு நேரம் ஆகுமானால் விளைவு என்ன? ஊஞ்சலைச் சரியான தருணங்களில் தள்ளினால் வீச்சு பெருகுவது போல, ஒவ்வொரு கைவைப்பும் பைனாகுலரை இன்னும் சற்று அதிகமாக ஆட்டும். கல்லூரியில் நாம் படிக்கும் ஒத்ததிர்வு இதுதான். மிக மெதுவாகத் தவழ்பவனுக்கு இத்தொல்லை குறையும். மேடு மறைத்திருக்கும் இடத்தில் சற்று விரைந்து செல்பவனுக்கு அது வந்தே தீரும்.

வாசகர்கள் வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். முக்கால் லிட்டர் நீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் புட்டியைத் துணி வாரில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூடத்தில் பத்தடி தவழ்ந்து பாருங்கள். முதல் இரண்டு அடியில் அது மணிக்கட்டில் இடிக்கும். நான்காம் அடியில் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மூன்று கால்களால் தவழ்வீர்கள். வேட்டையாளின் மற்றொரு கையில் துப்பாக்கியும் இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். உலோகம் துப்பாக்கியில் மோதினால் எழும் ஓசை ஒன்றே போதும், மான் கூட்டம் முழுவதும் மலையின் மறுபக்கம் போய்விடும்.

கயிறு இழுக்கும், தள்ளாது

இக்குறையின் மூலம் எது? கயிறோ வாரோ இழுக்க மட்டுமே வல்லது, தள்ள வல்லதன்று. கழுத்து வார் பைனாகுலரை மேல்நோக்கி இழுக்கின்றது. பூமி அதைக் கீழ்நோக்கி இழுக்கின்றது. நிற்பவனின் மார்பு பின்னாலிருந்து தடுக்கின்றது. இம்மூன்றும் சேர்ந்துதான் பைனாகுலரை ஓர் இடத்தில் வைக்கின்றன. ஆகவே கழுத்து வார் முழுமையான சாதனம் ஆகாது. அதில் பாதியைத்தான் தொழிலகம் செய்து தருகின்றது, மறுபாதி புவியீர்ப்பு. உடல் கிடைமட்டமாகத் திரும்பும்போது மார்பு பைனாகுலருக்கு மேலே போய்விடுகின்றது. தடுக்கும் சுவர் கூரையாகிவிட்டது. இனி அது எப்பக்கமும் ஆடலாம்.

சைக்கிள் சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். அதன் கம்பிகளும் இழுக்கவே வல்லவை. ஆயினும் நடுக்குடம் அசைவதில்லை. காரணம், எதிரெதிர்த் திசைகளில் கம்பிகள் இழுத்துக்கொண்டிருக்கின்றன. சக்கரம் எவ்வாறு சுழன்றாலும் குடம் நடுவிலேயே நிற்கும். எந்த நிலையிலும் அசையாமல் இருக்க வேண்டிய பொருளை ஒரு பக்கம் மட்டும் கட்டலாகாது என்னும் பாடம் இதில் உள்ளது. பைனாகுலரில் காதுகள் இரண்டும் ஒரே முனையில் உள்ளன. மறுமுனையைக் கட்ட இடமே இல்லை. இது வாரின் குற்றம் என்பதைவிடக் கருவியின் வடிவமைப்பில் உள்ள குற்றம் என்பதே பொருந்தும்.

மூழ்கும் லென்சு

காதுகள் கண்ணருகு லென்சின் பக்கம் இருப்பதால், தொங்கும் பைனாகுலரின் பொருளருகு லென்சுகள் தரையைப் பார்க்கின்றன. நிற்பவனுக்கு இது நல்லது. மழை அவற்றில் விழாது. மேலே இருக்கும் கண்ணருகு லென்சுகளுக்கு ஒரு மழை மூடியும் உண்டு. தவழ்பவனுக்கோ அதே பொருளருகு லென்சுகள் ஹெதர் செடியையும் சேற்றையும் உழுதுகொண்டு போகின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிவது பயன் தரும். 10×42 பைனாகுலரில் பொருளருகு லென்சின் விட்டம் 42 மி.மீ. அதன்மேல் 3 மி.மீ. விட்டமுள்ள ஒரு சேற்றுத்துளி ஒட்டினால் மறையும் பரப்பு 196இல் ஒரு பங்கே. கண்ணுக்குள் செல்லும் ஒளிக்கற்றையின் விட்டமோ 42ஐ 10ஆல் வகுக்கக் கிடைக்கும் 4.2 மி.மீ. மட்டுமே. அதே துளி கண்ணருகு லென்சின் நடுவில் ஒட்டினால் ஏறத்தாழ பாதி ஒளி போய்விடும். ஆகவே முன் லென்சில் பட்ட சிறு துளியைக் கண்டு பதற வேண்டாம். கண்ணருகு லென்சைக் காப்பதே முதற்கடமை. முன் லென்சு முழுதும் சேறு பூசிக்கொண்டால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அப்போது ஈரக்கையால் துடைப்போம். சேற்றிலுள்ள நுண்மணல் மேற்பூச்சைக் கீறிவிடும்.

இடிபடுவதால் மற்றொரு கேடும் உண்டு. பைனாகுலரின் இரு குழல்களின் அச்சுகளும் இணையாக இருக்க வேண்டும். பாறையில் மோதி முப்பட்டகம் சற்றே இடம்பெயர்ந்தால் இரு கண்களுக்கும் இரு வேறு படங்கள் வரும். சிறு பிறழ்வைக் கண் சரிசெய்துகொள்ளும். ஆனால் அதற்குரிய கூலியைத் தலைவலியாக வாங்கிக்கொள்ளும்.

மார்புக்கட்டு: பாதி வெற்றி

தற்காலத்தில் கழுத்து வாருக்கு மாற்றாக மார்புக்கட்டு பரவியுள்ளது. இரு தோள்களின் மீதும் சென்று முதுகில் குறுக்காகச் சேரும் பட்டைகள் பைனாகுலரை மார்போடு இறுக்கி வைக்கின்றன. சிலவற்றில் மூடியுள்ள பையும் உண்டு. சைக்கிள் கம்பியின் தத்துவம் இதில் ஓரளவு நிறைவேறியுள்ளது. சுமை கழுத்தைவிட்டுத் தோள்களுக்குப் போய்விடுகின்றது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் வரை இதில் குறை காண்பது கடினம்.

வயிற்றால் ஊரத் தொடங்கியதும் குறை வெளிப்படுகின்றது. எந்த இடம் தரையில் பட வேண்டுமோ அந்த இடத்திலேயே பைனாகுலரைக் கட்டி வைத்திருக்கிறோம். கருவியின் தடிமனும் பையின் தடிமனும் சேர்ந்து 8 செ.மீ. என்றால், முதுகும் தலையும் அந்த 8 செ.மீ. உயர்கின்றன. தாழ்ந்த மேட்டின் பின்னே மறைவதற்கும் தெரிவதற்கும் இடையே உள்ள வேறுபாடு பல நேரங்களில் அவ்வளவுதான். உடல் எடையில் ஒரு பகுதி, 100 நியூட்டன் என்று வைத்துக்கொண்டாலும், கருவியின் கீலின்மீது இறங்குகின்றது. மார்பு நசுங்கி மூச்சு வாங்குகின்றது. மூச்சு வாங்கும் நிலையில் சுடுபவன் விலங்கைக் கொல்வதற்குப் பதில் காயப்படுத்துவான்.

மீள்பட்டை உள்ள கட்டுகளில் ஹூக் விதி குறுக்கே வருகின்றது. பட்டை நீள நீள அதன் இழுவிசை கூடும். கண்ணுக்கு உயர்த்தும்போது பட்டை 10 நியூட்டன் இழுத்தால், கருவியின் எடையோடு சேர்ந்து கைகள் தாங்க வேண்டியது இருமடங்குக்கும் மேல். கை நடுங்கினால் 10 மடங்கு உருப்பெருக்கத்தில் நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும். ஒட்டுப்பட்டையால் மூடும் பை திறக்கும்போது கிழிக்கும் ஓசை எழுப்பும். காந்தத்தால் மூடும் பை ஓசையின்றித் திறக்கும். ஆனால் அருகில் திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் அது பொய் சொல்லும். ஓடையைக் கடந்தபின் நீரை வெளியேற்றத் துளையில்லாத பை, பைனாகுலரைக் குளிப்பாட்டிக்கொண்டே வரும்.

முதுகு கற்பித்த பாடம்

இத்துணைச் சிக்கலும் பழைய காலத்து மலைநாட்டு வேட்டைக்காரர்களுக்கு இல்லை. அவர்கள் பயன்படுத்தியது ஒற்றைக்கண் தொலைநோக்கி. குழாய்களை ஒன்றனுள் ஒன்று செருகி மடக்கி, தோல் உறையிலிட்டு, குறுக்கு வாரால் தோளில் மாட்டி முதுகில் போட்டுக்கொள்வார்கள். லோவட் பிரபு போயர் போருக்காக 1900இல் திரட்டிய லோவட் சாரணர் படையில் இத்தகைய மலைநாட்டவர் பலர் இருந்தனர். முதல் உலகப் போரிலும் அப்படையினர் தொலைநோக்கியால் எதிரியைக் கவனிக்கும் பணியைச் செய்தனர். அவர்களுடைய கருவி இன்றைய பைனாகுலரைவிட ஒளி குறைந்தது. ஒரு கண்ணால் மட்டுமே பார்க்க வேண்டும். கையால் நிலையாகப் பிடிப்பதும் கடினம். ஒளியியலில் அது தோற்றுவிட்டது. சுமந்து செல்லும் முறையில் அது வென்றது. தவழ்பவனின் உடலில் தரையையும் தொடாமல், கைகால்களின் அசைவிலும் குறுக்கிடாமல் இருக்கும் இடம் முதுகு ஒன்றே. பைனாகுலர் வந்தபோது தொலைநோக்கியை ஒதுக்கியவர்கள், முதுகையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள்.

செய்யக் கூடியவை

இப்போதிருக்கும் கருவியைக் கொண்டே சில திருத்தங்களைச் செய்துகொள்ளலாம். வலத்தோளில் துப்பாக்கியின் அடிக்கட்டையைப் பதிப்பவர், வாரை இடத்தோளின் மீது குறுக்காக மாட்டி, பைனாகுலரை வல அக்குளுக்குப் பின்னால் முதுகுப்புறம் வரச் செய்யலாம். வலத்தோள் வெறுமையாக இருக்கும். உடலோடு ஒட்டும் வரை வாரைக் குறைக்க வேண்டும். வாரின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்பு வாருக்கு ஒரு சிறு கயிறு கட்டினால், எதிரெதிராக இழுக்கும் இரு கட்டுகள் கிடைத்துவிடும்; பைனாகுலர் முன்னே சரியாது. வயிற்றால் ஊரும்போது அதை முதுகின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளிவிடலாம். இரு முனைகளுக்கும் மூடியிட்டு, மூடிகளையும் நூலால் கட்டிவைக்க வேண்டும்.

குளிரில் சட்டைக்குள் செருகிக்கொள்வோரும் உண்டு. தவழ்ந்து வியர்த்த உடலின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டால் நீர்த்துளியாகப் படியும். எனவே செருகுவதானால் புறப்படும்போதே செருகி, கண்ணாடியை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சூடான கண்ணாடியில் பனி படியாது. ஆனால் ஊர வேண்டிய இடம் வந்தால் சட்டைக்குள் இருப்பதும் மார்புக்கட்டின் குறையையே அடையும்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரு கேள்வி கேட்கலாம். 120 மீட்டரில் நிற்கும் மானை 8 மடங்கு பைனாகுலர் 15 மீட்டரில் நிற்பது போலக் காட்டும். கன்று உண்டா, கால் நொண்டுகிறதா என்று அறிய அது போதும். 8×30 அளவுள்ள கருவி தடிமனிலும் நிறையிலும் குறைந்தது. மங்கிய மாலை ஒளிக்குப் பெரிய கருவி தேவை என்பது உண்மையே. ஆனால் பாறையருகே விட்டுவிட்டு வந்த பெரிய கருவியைவிட, முதுகில் வந்து சேர்ந்த சிறிய கருவி அதிகம் காட்டும்.

தயாரிப்பாளர்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. முன் முனையிலும் இரண்டு காதுகள் வையுங்கள்; நான்கு காதுகள் இருந்தால் பயன்படுத்துபவனே தன் உடல்நிலைக்கேற்றபடி கட்டிக்கொள்வான். விலைப்பட்டியலில் நிறையையும் பார்வைப் பரப்பையும் அச்சிடுவது போல, மடித்த நிலையில் தடிமன் எவ்வளவு என்பதையும் அச்சிடுங்கள். லென்சின் வளைவை மில்லிமீட்டரின் நுண்பகுதி வரை கணக்கிட்ட அறிவு, அந்த லென்சு பயன்படும் இடத்துக்குப் பழுதின்றிப் போய்ச் சேருமா என்பதையும் ஒருமுறை தரையில் தவழ்ந்து பார்த்துக் கணக்கிட்டிருக்க வேண்டும். ஒளியியலுக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் அளிக்கும் நாம், நிலையியல் தாளில் இக்கருவிக்குத் தேர்ச்சி அளிக்க இயலாது.